மக்காவில் மாறிய மனிதர்: மால்கம் எக்ஸ்

1964ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். கெய்ரோவிலிருந்து இஹ்ராம் உடையில் புறப்பட்ட ஹாஜிகளுடன் ஓர் அமெரிக்கரும் ஜித்தா விமான நிலையத்தில் வந்திறங்கினார். அவருடைய கடவுச்சீட்டு வாங்கி வைக்கப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் இவர் முஸ்லிம்தாமா என்பதை ஹஜ் நீதிமன்றம் விசாரித்து முடிவு செய்யும்வரை ஹாஜிகளுக்கான விடுதியில் காத்திருக்குமாறு பணிக்கப்பட்டார். அங்கே அவரை வாட்டிய வேதனை வேறு. ஏறத்தாழ 12 ஆண்டுகள் இஸ்லாத்தின் பெயரால் மேடைகளில் முழங்கியவருக்கு முறையாகத் தொழத் தெரியவில்லை! அருகிலிருந்தோரைப் பார்த்து, கணுக்கால் வலிக்க அமர்ந்து, ஒரு குழந்தையைப் போல் கற்றுக் கொண்டார். தம் தன்வரலாற்றில் இதனை அவரே மறைக்காமல் எடுத்துரைத்துள்ளார். அவர்தாம் மால்கம் எக்ஸ்.

1925 மே 19 அன்று நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் பிறந்தவர் அவர். தந்தை 1931இல் டிராம் வண்டியின் சக்கரங்களில் சிக்கி இறந்தார். விபத்து என்றது அரசு. நிறவெறியரின் கொலை என்றே குடும்பத்தார் நம்பினர். தாய் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட, பிள்ளைகள் சிதறினர். வழக்கறிஞராக விரும்பிய மாணவர் மால்கமிடம், கறுப்பருக்கு அது ஆகாது, தச்சுத் தொழிலைக் கற்றுக்கொள் என்று ஆசிரியர் அறிவுரை கூறினார். அந்த உள்ளம் உடைந்தது. இளமை குற்றங்களில் கழிந்தது. 1946இல் திருட்டு வழக்கில் சிறை சென்றார்.

சிறையே அவருக்குக் கல்விக்கூடமாயிற்று. அகராதியைப் பக்கம் பக்கமாக எழுதிப் படித்தார். 'நேஷன் ஆஃப் இஸ்லாம்' என்ற இயக்கத்தில் இணைந்தார். அடிமை முதலாளிகள் சூட்டிய குடும்பப் பெயரைத் துறந்து, பறிக்கப்பட்ட மூதாதையர் பெயருக்கு அடையாளமாக 'எக்ஸ்' என்று வைத்துக் கொண்டார். 1952இல் விடுதலையான பின் இயக்கத்தின் தலைசிறந்த பேச்சாளரானார். கறுப்பின மக்களின் தாழ்வு மனப்பான்மையை அவருடைய சொற்கள் தகர்த்தன. ஆயினும் வெள்ளையர் யாவரும் பிறவியிலேயே ஷைத்தான்கள் என்பது அவ்வியக்கத்தின் போதனை. இஸ்லாத்திற்குச் சற்றும் பொருந்தாத அக்கொள்கையை அவரும் பரப்பினார். தலைவரின் தனிவாழ்க்கை குறித்து அறியவந்த உண்மைகளும் கருத்து வேறுபாடுகளும் முற்றவே, 1964 மார்ச்சில் இயக்கத்திலிருந்து விலகினார்.

ஹஜ் பயணம் அடுத்த மாதமே அமைந்தது. ஜித்தாவில் தவித்து நின்ற அவருக்கு, அரபு லீக்கின் முதல் பொதுச்செயலாளர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸாம் தம் சொந்த விடுதி அறையையே விட்டுக் கொடுத்தார். அமெரிக்காவாயின் வெள்ளையர் எனக் கருதப்படக்கூடிய தோற்றமுடையவர் அவர். அரஃபாத்திலும் மினாவிலும் பல நிறத்தவருடன் ஒரே தட்டில் உண்டு, ஒரே விரிப்பில் உறங்கி, ஒரே இறைவனைத் தொழுதார் மால்கம். நிறம் மனிதனின் விதி அன்று என்பதைக் கண்ணாரக் கண்டார்.

சகோதரர்களே! பலருக்கும் உண்மை புலப்படுகிறது. அதனை வெளியில் சொல்வோர் சிலரே. தம் பெயரும் புகழும் எந்தப் பேச்சின் மீது எழுந்தனவோ, அந்தப் பேச்சையே மால்கம் திருத்திக் கொண்டார். மக்காவிலிருந்து மடல்கள் எழுதினார். அவை அமெரிக்க நாளேடுகளில் வெளியாயின. ஒரு நிறத்தார் அனைவரையும் பழித்தது தவறு என்று ஒப்புக் கொண்டார். அதே வேளை, நிறவெறியை எதிர்த்த போராட்டத்தில் அணுவளவும் தளரவில்லை. கறுப்பர்களின் துயரை மனித உரிமைப் பிரச்சினையாக ஐ.நா. மன்றத்தின் முன் வைக்க முயன்றார்.

அதற்கான விலை கடுமையானது. 1965 பிப்ரவரி 14 அன்று அவருடைய வீட்டின் மீது தீக்குண்டுகள் வீசப்பட்டன. ஒரே வாரத்தில், பிப்ரவரி 21 அன்று, நியூயார்க்கின் ஆடுபான் அரங்கில் மனைவி மக்கள் கண்ணெதிரே சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 39.

1966இல் மூவர் தண்டிக்கப்பட்டனர். குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவரோ, மற்ற இருவரும் நிரபராதிகள் என்று கூறினார். எவரும் செவிசாய்க்கவில்லை. அவ்விருவரும் 20 ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறையில் வாடினர். காவல்துறையும் எஃப்.பி.ஐ.யும் சான்றுகளை மறைத்தது வெளிப்பட்டு, 2021 நவம்பரில்தான் நீதிமன்றம் அவர்களைக் குற்றமற்றவர்கள் என அறிவித்தது. அதைக் கேட்க ஒருவர் உயிருடன் இல்லை; அவர் 2009இலேயே இறந்திருந்தார்.

மால்கமின் தன்வரலாறு 1965இல் வெளிவந்து தலைமுறைகளைத் தட்டியெழுப்பியது. 1975இல் இயக்கத் தலைவர் இறந்தபின், அவருடைய மகன் வாரிஸுத்தீன் முஹம்மது அவ்வியக்கத்தினரில் பெரும்பகுதியினரைத் தூய இஸ்லாத்தின் பக்கம் அழைத்து வந்தார். ஒரு காலத்தில் மால்கமை உளவு பார்த்த அதே அமெரிக்க அரசின் அஞ்சல் துறை, 1999இல் அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது.

ஆயிரக்கணக்கானோர் செவிமடுத்த பேச்சாளர், தமக்குத் தொழத் தெரியாது என்பதை உணர்ந்து கீழே அமர்ந்து கற்றார். தாம் பேசியது தவறெனத் தெரிந்ததும் ஊரறியச் சொன்னார். நம்மில் எத்தனை பேர், ஜமாஅத்தார் முன்னிலையில் நேற்று அடித்துப் பேசிய சொல்லை இன்று, "நான் தவறிவிட்டேன்" என்று திரும்பப் பெறுவோம்? ஒவ்வொருவரும் நெஞ்சில் கைவைத்துக் கேட்டுக் கொள்வோமாக!