எந்த ஆண்டின் ராக்கெட்?

‘ராக்கெட்’ என்றால் வானவெளியில் பாயும் கலமே இன்று எவருக்கும் நினைவில் எழும். இங்கே நாம் காணப்போவது தண்டவாளத்தில் ஓடிய ராக்கெட். 1829 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில், ராபர்ட் ஸ்டீபன்சன் நிறுவனத்தின் தொழிற்சாலையில் உருவான நீராவி எஞ்சின் அது. மஞ்சள் வண்ணக் கொதிகலன், உயர்ந்த வெள்ளைப் புகைபோக்கி, பெரிய முன்சக்கரங்கள், அவற்றை நோக்கிப் பின்னாலிருந்து சரிவாக இறங்கும் இரு உருளைகள் என அதன் தோற்றம் நூல்களில் வரும் படங்களால் பலருக்கும் பழகிப்போன ஒன்று. மாதிரிப் புகைவண்டிகள் செய்யும் பிரிட்டிஷ் நிறுவனங்களும் இந்தத் தோற்றத்தையே வடித்து விற்றுள்ளன. டிரை-ஆங் நிறுவனம் 1963 இல் ஒரு மாதிரியை வெளியிட்டது. ஹார்ன்பி நிறுவனம் தன் நூற்றாண்டை ஒட்டி 2020 இல் புதிய அச்சுகளைக் கொண்டு மற்றொன்றை வெளியிட்டது.

இந்த மாதிரியை எடுத்துச் சென்று, பாதுகாக்கப்பட்டுள்ள அசல் ராக்கெட்டின் முன் வைத்துப் பார்த்தால் திகைப்பே மிஞ்சும். அசலில் மஞ்சளும் இல்லை, வெள்ளையும் இல்லை, கறுத்த இரும்புதான். உருளைகள் ஏறத்தாழக் கிடைமட்டமாகப் படுத்திருக்கின்றன. கொதிகலனின் முன்புறத்தில், பழைய படங்களில் காணப்படாத புகை அறை ஒன்று இருக்கிறது. அப்படியானால் மெய்யான ராக்கெட் எது? அருங்காட்சியகத்தில் இருப்பதா, அட்டைப்பெட்டியில் வருவதா?

இரண்டும் ராக்கெட்தான். ஆனால் இரண்டும் ஒரே ஆண்டின் ராக்கெட் அன்று. மாதிரி எஞ்சின்களின் வரலாற்று உண்மையைப் பற்றிப் பேசுவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இந்த ஆண்டுக் கணக்கே என்பது என் கருத்து.

சாய்ந்த உருளைகள் ஏன் மறைந்தன?

லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே இருப்புப்பாதை அமைத்தவர்கள், 1829 அக்டோபரில் ரெயின்ஹில் என்னுமிடத்தில் எஞ்சின் போட்டி ஒன்றை நடத்தினர். பரிசு 500 பவுன். போட்டிக்கு வந்தவற்றுள் ராக்கெட் ஒன்றே எல்லாச் சோதனைகளையும் முடித்தது. அதன் கொதிகலனுக்குள் ஒரே பெரிய புகைக்குழாய்க்குப் பதிலாக 3 அங்குல விட்டமுள்ள 25 செப்புக் குழாய்கள் ஓடின. இதனால் வெப்பம் நீரைச் சேரும் பரப்பு பெருகியது. இந்த யோசனையைக் கூறியவர் அந்த இருப்புப்பாதை நிறுவனத்தின் செயலாளராக இருந்த ஹென்றி பூத். ராக்கெட்டின் உச்ச வேகம் மணிக்கு 29 மைல், அதாவது ஏறத்தாழ 47 கி.மீ.

கொதிகலன் வென்றது, உருளைகளின் அமைப்போ தொல்லை தந்தது. சிறிய கணக்கு ஒன்றால் இதை விளக்கலாம். உருளையின் விட்டம் 8 அங்குலம். நீராவியின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டு. முழு அழுத்தமும் பிஸ்டனை அடைவதாகக் கொண்டால், அதன் மீது செயற்படும் விசை சுமார் 2,500 பவுண்டு, அல்லது 1,140 கிலோகிராம் எடை. பிஸ்டனை ஒரு திசையில் தள்ளும் நீராவி, உருளையின் மூடியை எதிர்த்திசையில் அதே அளவு தள்ளுகிறது. உருளையோ எஞ்சினின் உடலோடு பிணைக்கப்பட்டது. அவ்வுடல் வில்களின் மேல் அமர்ந்திருப்பது. உருளைகள் சுமார் 38 பாகை சாய்ந்திருந்தன. சைன் 38 பாகையின் மதிப்பு 0.62. ஆக, விசையின் செங்குத்துக் கூறு மட்டும் 700 கிலோகிராம் எடை! மொத்த எடையே நாலே கால் டன் உள்ள எஞ்சினை, சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை மேலும் ஒருமுறை கீழுமாக, வலப்புறமும் இடப்புறமும் முறை மாறி, இவ்வளவு பெரிய விசை உலுக்கியது. உச்ச வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய மூன்று முறை சுழலும். ஓட்டுநரின் நிலையை மாணவர்களே எண்ணிப் பார்க்கலாம்.

ஓரிரு ஆண்டுகளுக்குள் உருளைகள் கீழே இறக்கப்பட்டுச் சாய்வு சுமார் 8 பாகை ஆயிற்று. அதே கணக்கைப் போட்டால் செங்குத்துக் கூறு 160 கிலோகிராமாகக் குறைந்துவிடுகிறது. கரித்துகளையும் சாம்பலையும் தாங்கிக்கொள்ள முன்புறத்தில் புகை அறையும் சேர்ந்தது. அருங்காட்சியகத்தில் நிற்பது இவ்வாறு திருத்தப்பட்ட எஞ்சின். 1836 இல் அது நிலக்கரிச் சுரங்கப் பாதை ஒன்றுக்கு விற்கப்பட்டது. உழைத்து ஓய்ந்து, பல உறுப்புகளை இழந்த நிலையில் 1862 இல் இலண்டன் அருங்காட்சியகத்தை வந்தடைந்தது.

சான்றுகள் எங்கே?

1829 இல் ஒளிப்படக் கலை வழக்கத்துக்கு வரவில்லை. டாகரின் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839 இல்தான். எனவே போட்டி நாளைய ராக்கெட்டை அறிய, அக்காலத்தில் அச்சான படங்களையும், போட்டியின் நடுவர்களுள் ஒருவரான ராஸ்ட்ரிக் எழுதி வைத்த குறிப்பேட்டையும், எஞ்சியுள்ள இரும்பையுமே நம்ப வேண்டும். 1999 இல் மைக்கேல் பெய்லி, ஜான் கிளித்தெரோ என்னும் இருவர் அசல் எஞ்சினை உறுப்பு உறுப்பாக ஆராய்ந்து, அதன் மாற்றங்களின் வரலாற்றை வரிசைப்படுத்தி 2000 இல் நூலாக வெளியிட்டனர். 1963 இல் மாதிரி செய்தவருக்கு இந்த நூல் கிடையாது. 2020 இல் செய்தவருக்கு உண்டு. இரு மாதிரிகளையும் ஒப்பிடுவோர் இதை மறத்தலாகாது.

எஞ்சினைச் சரியாகச் செய்தாலும், அதன் பின்னால் எதைக் கோப்பது என்ற கேள்வி எழுகிறது. ராக்கெட் மாதிரிகளோடு அழகிய பயணிகள் பெட்டிகளையும் சேர்த்து விற்பது வழக்கம். போட்டியில் ராக்கெட் இழுத்ததோ கல் ஏற்றிய வண்டிகளை. பயணிகளுக்கான பாதை திறக்கப்பட்டது 1830 செப்டம்பர் 15 அன்று. போட்டி நாளைய எஞ்சினும் பின்னாளைய பெட்டியும் ஒரே பெட்டியில் விற்பனைக்கு வரும்போது, சிறுவர் மனத்தில் இரண்டும் ஒரே நாளாகப் பதிந்துவிடுகின்றன.

முழு அளவில் செய்த பிரதிகளிலும் இத்தகைய சிக்கல் உண்டு. போட்டியின் 150 ஆம் ஆண்டு நிறைவுக்காக 1979 இல் ஓடக்கூடிய ராக்கெட் பிரதி ஒன்று கட்டப்பட்டது. ரெயின்ஹில் பாலத்தின் அடியில் நுழைய வேண்டும் என்பதற்காக அதன் புகைபோக்கியை அசலினும் குட்டையாக்கினர். இந்தப் பிரதியை அளந்து ஒருவர் மாதிரி செய்தால், 1829 இல் இல்லாத குறுக்கம் அவர் கைக்கும் வந்து சேரும்.

ஒரு தகட்டின் கதை

மாதிரிகளில் பெரும்புகழ் பெற்ற மற்றோர் எஞ்சின் ‘பிளையிங் ஸ்காட்ஸ்மன்’. 1923 இல் ஓடத் தொடங்கியது. மறு ஆண்டு 4472 என்ற எண்ணைப் பெற்றது. அன்று அதன் கொதிகலன் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 180 பவுண்டு. 1947 இல் 220 பவுண்டு அழுத்தமுள்ள கொதிகலனுடன் மாற்றிக் கட்டப்பட்டது. அதற்கு முன்பே பழைய எண் போய்விட்டது. 1950களின் இறுதியில் இரட்டைப் புகைபோக்கி வந்தது. இதனால் நீராவி வெளியேறும் வேகம் தணிந்தது, எஞ்சினின் மூச்சு எளிதாயிற்று. ஆனால் மெல்லிய வீச்சு புகையை உயரே தூக்கி எறியவில்லை. புகை கொதிகலனை ஒட்டி இழைந்து ஓட்டுநரின் பார்வையை மறைத்தது. எனவே 1961 இல் இருபுறமும் புகை விலக்கும் தகடுகளைப் பொருத்தினர்.

ஒரு மாற்றம் மற்றொரு மாற்றத்தை அழைத்து வந்ததைக் கவனியுங்கள். 4472 என்ற எண்ணும், இளம்பச்சை வண்ணமும், புகை விலக்கும் தகடும் 1963 இல் பணி ஓய்வு பெறும்வரை அந்த எஞ்சினில் ஒருங்கே இருந்ததே இல்லை. தனியார் கைக்குப் போன பிறகு இவை பல விதமாகக் கலந்து தோன்றின. 1930களின் எஞ்சின் என்று கூறி ஒரு மாதிரியில் இத்தகட்டை வைத்தால், நோய் வருமுன் மருந்தைக் கொடுத்த கதையாகும்.

இந்நாளில் லேசர் கதிர்களால் எஞ்சினை அளந்து மாதிரி செய்கிறார்கள். அளவு மில்லிமீட்டர் பிசகாது. ஆனால் கதிர் அளப்பது இன்று நிற்கும் எஞ்சினையே. சுழிப்பிழை உள்ள வெர்னியர் அளவியில் பத்து முறை அளந்தாலும் பத்தும் ஒத்தே வரும். பத்தும் தவறாகவே இருக்கும் என்பதை ஆய்வுக்கூடம் சென்ற மாணவர் அறிவர். பழைய வரைபடமும் தேதியுள்ள ஒளிப்படமுமே இங்கே சுழித்திருத்தம்.

திருத்த இயலாதவை

மேலே கூறியவை முயன்றால் தவிர்க்கக்கூடிய பிழைகள். வேறொரு வகையும் உண்டு. பிரிட்டனில் பரவலாக விற்கும் மாதிரிகள் 76இல் ஒரு பங்கு அளவின. இரு தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட 1,435 மி.மீ. தூரம் இந்த அளவில் 18.8 மி.மீ. ஆக வேண்டும். மாதிரித் தண்டவாளத்திலோ அது 16.5 மி.மீ. மட்டுமே. இத்தண்டவாளம் 87இல் ஒரு பங்கு அளவுக்கு உரியது. பிரிட்டிஷ் எஞ்சின்கள் உருவில் சிறியவை. அந்நாளைய மின்னோடிகள் அவற்றின் மாதிரிக்குள் அடங்கவில்லை. ஆகவே உடலைப் பெரிதாக்கிப் பாதையை அப்படியே விட்டுவிட்டனர். ராக்கெட்டின் முன்சக்கர விட்டமும் பாதையின் அகலமும் ஏறத்தாழச் சமம். மாதிரியில் சக்கரம் சரியான அளவில் இருந்தால், அது பாதையைவிடப் பெரிதாகத் தெரியும்!

மின்னோடியே வேண்டாம், உண்மையான நீராவியால் ஓட்டுவோம் என்றும் முயன்றார்கள். 1979 இல் ஹார்ன்பி நிறுவனம் மூன்றரை அங்குலப் பாதையில் ஓடும் நீராவி ராக்கெட்டை வெளியிட்டது. இது அசலில் ஏறத்தாழ 16இல் ஒரு பங்கு. நீளம் 16 மடங்கு குறைந்தால் பரப்பு 256 மடங்கு குறையும். கன அளவோ 4,096 மடங்கு குறையும். அதாவது, உள்ளே இருக்கும் ஒவ்வொரு சொட்டு நீருக்கும் வெப்பத்தை வெளியே விடும் பரப்பு அசலைப்போல் 16 மடங்கு. ரெயின்ஹில்லில் எரிந்தது கற்கரி. இந்தச் சின்ன ராக்கெட்டில் கற்கரியைப் போட்டு, 25 குழாய்களின் வழியே அனல் இழுத்து ஓட்டுவது பொம்மை வாங்கும் வீட்டாருக்கு நடக்கிற காரியம் இல்லை. அதனால் அடுப்பில் பியூட்டேன் வாயுவை எரித்தார்கள்.