சி மொழியின் அடிப்படை வினாக்கள்: ஒரு வரலாற்று நோக்கு

நெகிரி செம்பிலான் மாநிலத்துத் தமிழ்ப்பள்ளிகள் பல, லாபு, லின்சம், கெடிஸ் எனத் தாம் தோன்றிய தோட்டங்களின் பெயர்களை இன்றும் தாங்கி நிற்கின்றன. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளியொன்று நடத்தல் வேண்டும் என 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அக்காலத்தில் வாசிப்பும் எழுத்தும் கணக்குமே அடிப்படை அறிவெனக் கொள்ளப்பட்டன. 2017-இல் மலேசிய இடைநிலைப் பள்ளிப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியலின் அடிப்படையும் ஒரு பாடமாக இடம்பெற்றது.

அத்துறையில் மேற்செல்வோர் பலர் கற்கும் மொழி 'சி' என்பது. தொடக்க மாணவரின் சி மொழி அறிவைச் சோதிக்கும் வினாக்களுள் சில மீண்டும் மீண்டும் வருவன. அவை காரணமற்ற விதிகள்போலத் தோன்றினும், ஒவ்வொன்றின் பின்னும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறிந்த ஆசிரியர்க்கே மாணவரின் மனப்பாடத்தையும் புரிதலையும் வேறுபடுத்திக் காணுதல் எளிதாகும்.

1960-களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் 'பி.சி.பி.எல்.' என்னும் மொழியை வகுத்தார். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் அதனைச் சுருக்கிப் 'பி' என்னும் மொழியை ஆக்கினார். அதனை விரித்து டென்னிஸ் ரிட்சி 1971 முதல் 1973 வரை உருவாக்கியதே சி மொழி. அன்று அவர்கள் கையாண்ட பி.டி.பி-11 கணினியின் நினைவகம் ஏறத்தாழ 24,000 பைட்டு மட்டுமே. சிக்கனம் அம்மொழியின் இயல்பாக அமைந்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் வினா: ஐந்து உறுப்புகள் கொண்ட அணியில் கடைசி உறுப்பின் எண் யாது? விடை நான்கு. சுழியத்திலிருந்து எண்ணுவது ஏன் என்பதைத் தோட்டத்து லயத்தைக் கொண்டே விளக்கலாம். ஒரே வரிசையில் ஐந்து வீடுகள் உள்ளன. முதல் வீட்டை அடைய எத்தனை வீடுகளைக் கடத்தல் வேண்டும்? ஒன்றுமில்லை. சி மொழியில் உறுப்பெண் என்பது தொடக்கத்திலிருந்து கடக்கும் தொலைவே. இம்முறை பி.சி.பி.எல். காலத்திலிருந்தே வருவது. எண் ஐந்து எனக் கொடுத்தால் லயத்துக்கு அப்பாலுள்ள இடத்தை அது குறிக்கும். சி மொழி தானே அதனைத் தடுப்பதில்லை. நிரலில் பெரும்பிழைகள் நுழையும் வாயில் இதுவே.

இரண்டாம் வினா: ஒற்றைச் சமக்குறிக்கும் இரட்டைச் சமக்குறிக்கும் வேறுபாடு யாது? முன்னது மதிப்பை இடுவது. பின்னது இரு மதிப்புகள் சமமா எனக் கேட்பது. கணக்குப் பாடத்தில் பழகிய மாணவர் இங்கே இடறுவது இயல்பு. நிரல்களில் மதிப்பிடுதல், ஒப்பிடுதலைவிட ஏறத்தாழ இருமடங்கு மிகுதியாக வருதலின், அதற்குப் பாதி நீளமுள்ள குறியே தகும் எனத் தாம்சன் கருதினார். அவர் மிச்சப்படுத்திய ஒரு விசைத்தட்டு, இன்றளவும் மாணவர்க்கு ஒரு சோதனையாக நிற்கிறது.

மூன்றாம் வினா: 'லாபு' என்னும் பெயரை உரோமன் எழுத்தில் சேமிக்க எத்தனை பைட்டு வேண்டும்? எழுத்து நான்கு, விடையோ ஐந்து. பி.சி.பி.எல். மொழி சொல்லின் நீளத்தை அதன் முன்னே எண்ணாகக் குறித்தது. அவ்வெண்ணுக்குரிய இடம் சிறிதாதலின் சொல்லின் நீளமும் வரம்புக்குட்பட்டது. அத்தடையை நீக்கும் நோக்கமும் கொண்டு, முடிவில் ஓர் அடையாளம் இடும் முறையைப் பி மொழி மேற்கொண்டது. சி மொழியில் அவ்வடையாளம் சுழியப் பைட்டு.

இவ்விடத்தில் தமிழாசிரியர் மேலும் ஒரு வினாவை எழுப்பலாம். அதே பெயரைத் தமிழில் எழுதினால் எத்தனை பைட்டு? கண்ணுக்குத் தெரிவன இரண்டு எழுத்துகள். யூனிகோடு முறையிலோ லகரம், கால், பகரம், உகரக் குறி என நான்கு குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு பெறுதலின் பன்னிரண்டு. முடிவுச் சுழியத்தொடு பதின்மூன்று. சொல்லின் நீளத்தை அளக்கும் சி மொழிச் செயற்கூறு பன்னிரண்டு என்றே விடை தரும். அது எண்ணுவது எழுத்தையன்று, பைட்டையே.

யூடிஎஃப்-8 முறையை 1992-இல் ராப் பைக்குடன் சேர்ந்து வகுத்தவரும் அதே கென் தாம்சன் ஆவார். பல பைட்டுகளால் ஆகும் எழுத்துகளினிடையே சுழியப் பைட்டு வாராதவாறு அவர் அதனை அமைத்தார். ஆங்கிலத்தை எண்ணி எழுந்த பழைய நிரல்களில் தமிழ்ச் சொல் இடையே முறியாமல் செல்ல இவ்வமைப்பே வழிவகுத்தது.

விடையை மட்டும் கேட்கும் தேர்வில், முன்னமே ஒப்பித்தவர் வென்றுவிடலாம். வீட்டில் கேட்டறிய ஒருவரும் இல்லாத தோட்டத்துப் பிள்ளைக்கு அத்தகைய தேர்வு மேலும் ஒரு தடையாகும். லயத்து வீடுகளையும் தம் ஊர்ப் பெயரையும் கொண்டு 'ஏன்' எனக் கேட்கும் வினாவோ, அப்பிள்ளை அறிந்ததிலிருந்தே விடை காண வழிசெய்யும். சோதிப்பதோடு கற்பிக்கவும் செய்வது அத்தகைய வினாவே.