நெரிசல் கட்டுப்பாடு: பாக்கெட் இழப்பைக் குறைத்த வரலாறு

வலையமைப்பு தாங்கும் அளவுக்கு மேல் பாக்கெட்டுகள் குவியாதபடி, அனுப்பும் கணினி தன் வேகத்தைத் தானே அடக்கிக்கொள்வதே நெரிசல் கட்டுப்பாடு. ரவுட்டருக்கு வரும் பாக்கெட்டுகள் அதன் நினைவகத்தில் வரிசையில் நிற்கும். வரிசை நிரம்பிவிட்டால், அடுத்து வருவதற்கு இடமில்லை, அது கைவிடப்படும். கம்பிவழி வலையமைப்புகளில் பாக்கெட் இழப்பு பெரும்பாலும் இப்படித்தான் நேர்கிறது.

‘நெரிசல் சரிவு’ வரக்கூடும் என்று ஜான் நாகிள் 1984இலேயே எச்சரித்தார். 1986 அக்டோபரில் அது வந்தது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் இடையே 400 கெஜம்தான் தூரம். அங்கே நொடிக்கு 32,000 பிட்டாக இருந்த வேகம் 40 பிட்டுக்கு விழுந்தது. தாமதமான பாக்கெட்டைத் தொலைந்ததாக எண்ணிக் கணினிகள் மறுபடி மறுபடி அனுப்ப, நகல்களே வழியை அடைத்துக்கொண்டன.

இணையத்தில் தரவை அனுப்பும் நெறிமுறையான டிசிபிக்கு வேன் ஜேக்கப்சனும் மைக்கேல் கேரல்ஸும் கண்ட தீர்வு 1988இல் வெளியானது. ஒரு பாக்கெட்டில் தொடங்கு. பாக்கெட் சேர்ந்ததற்கான ஒப்புகை வரவர வேகத்தைக் கூட்டு. இழப்பு தெரிந்தால் சட்டென்று குறை. இணையம் பிழைத்தது இதனால்தான் என்றால் மிகையில்லை. ஆனால் ஒரு குறை உள்ளேயே இருந்தது: இழந்தால்தான் நெரிசல் தெரியும்.

இணைப்புகள் வேகம் பெற்றதும் அந்தக் குறை பெரிதாயிற்று. நொடிக்கு 10 ஜிகாபிட் இணைப்பு, போய்வர 100 மில்லிசெகண்ட், பாக்கெட்டுக்கு 1,500 பைட் என்று வைத்துக்கொள்வோம். இணைப்பு நிறைய, சுமார் 83,000 பாக்கெட்டுகள் ஒரே சமயத்தில் வழியில் இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று தொலைந்தாலும் அந்த எண்ணிக்கை பாதியாகும். பிறகு சுற்றுக்கு ஒன்றாக ஏறிப் பழைய நிலையை எட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். பழைய டிசிபி இந்த வேகத்தில் நிலைக்க, 500 கோடி பாக்கெட்டுக்கு ஒரு முறைக்கு மேல் இழப்பு நேரக்கூடாது என்று சாலி ஃபிளாய்ட் 2003இல் எழுதிய ஆவணம் கணக்கிட்டது. நடைமுறையில் அது ஆகாத காரியம்.

ஏறும் வேகத்தை மாற்றியது ஒரு வழி. வடகரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான கியூபிக், 2006இல் லினக்ஸின் இயல்பு முறையானது. விழுந்த பிறகு விரைந்து ஏறி, முன்பு இழப்பு நேர்ந்த உயரத்தை நெருங்கும்போது நிதானிக்கும்.

இழப்புக்கு முன்பே சொல்லிவிடுவது இன்னொரு வழி. அடிப்படையில் இதுவே மேலானது. கே.கே. ராமகிருஷ்ணனும் ராஜ் ஜெயினும் 1988இல் முன்வைத்த யோசனைப்படி, வரிசை நீளும்போதே ரவுட்டர் பாக்கெட்டில் ஒரு பிட்டைக் குறியிடும். அது 2001இல் ‘வெளிப்படை நெரிசல் அறிவிப்பு’ என இணையத் தரமாயிற்று. 2010இல் வந்த டேட்டாசென்டர் டிசிபி, குறிபட்ட பாக்கெட்டுகளின் விகிதத்துக்கு ஏற்ப மட்டும் வேகத்தைக் குறைத்தது. சில குறிகளுக்காகப் பாதியை இழக்க வேண்டியதில்லை.

கூகுளின் பிபிஆர் முறை 2016இல் வேறு திசையில் போனது. கிடைக்கும் வேகத்தையும் போய்வரும் நேரத்தையும் அளந்தே அது அனுப்பும். இழப்பைப் பொருட்படுத்தாத அதன் முதல் வடிவம், வரிசைக்கு இடம் குறைந்த ரவுட்டர்களில் இழப்பைக் கூட்டியது. இரண்டாம் வடிவத்தில் இழப்பும் குறியும் மீண்டும் கணக்கில் சேர்ந்தன.