பாணும் பஞ்சமும்: ஒரு நோய் இனங்காணப்பட்ட வரலாறு

மருத்துவ வரலாறு எழுதுவோரின் கவனம் பெரும்பாலும் கொள்ளைநோய்களின் மீதே செல்வது வழக்கம். பெரியம்மையும் வாந்திபேதியும் மலேரியாவும் அரசுகளின் விதியையே மாற்றியவை. ஆதலால் அவற்றுக்கு வரலாற்றில் இடங்கிடைத்தமை வியப்பன்று. ஆயின், கிருமியாலோ நஞ்சாலோ அன்றி, ஒரு சமூகம் தனது உணவில் முதலிடம் கொடுத்துப் போற்றும் பொருளாலேயே விளையும் நோயொன்றின் வரலாறு வேறொரு வகையில் நமது சிந்தனைக்குரியது. அத்தகைய நோயில் காரணம் மறைந்திருப்பதில்லை. மூன்று வேளையும் கண்முன்னே மேசையில் இருக்கின்றது. ஆனால் எவரும் அதனை ஐயுறுவதில்லை. சீலியாக் நோய் ஐரோப்பாவிலே அறியப்பட்ட வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

நோயின் இயல்பை முதலில் சுருக்கமாகக் கூறுதல் தகும். கோதுமை, றை, பார்லி ஆகிய தானியங்களில் குளுற்றன் எனப்படும் புரதத் தொகுதி உண்டு. பிசைந்த மாவுக்கு இழுபடுந் தன்மையைத் தருவது இதுவே. பரம்பரையியல்பால் இந்நோய்க்கு இடங்கொடுக்கும் உடலிலே, இப்புரதத்தின் கூறுகளுக்கு எதிராக எழும் நிர்ப்பீடனத் தாக்கம் சிறுகுடலின் உட்சுவரையே சிதைத்துவிடுகின்றது. உணவை உறிஞ்சும் சடைமுளைகள் தேய்ந்து தட்டையாகின்றன. பிள்ளைகளிடத்து வயிறு பருத்து, கைகால் மெலிந்து, வளர்ச்சி தடைப்படும். வளர்ந்தோரிடத்து இரத்தச்சோகையாகவோ எலும்புத் தேய்வாகவோ, சில வேளைகளில் வெறுங் களைப்பாகவோ மட்டும் வெளிப்படலாம். உலகில் ஏறத்தாழ நூற்றுவரில் ஒருவருக்கு இந்நோய் உண்டெனக் கணிக்கப்படுகின்றது. வாழ்நாள் முழுவதும் குளுற்றனை விலக்குவதே இதற்குரிய சிகிச்சை. இத்துணை எளிய இவ்வுண்மையை அடைவதற்கு மருத்துவ உலகம் கடந்துவந்த வழியோ மிக நீண்டது.

கப்படோசியாவைச் சேர்ந்த கிரேக்க மருத்துவரான அரெத்தேயஸ், கி.பி. முதலிரு நூற்றாண்டுகளை அண்டி எழுதிய நூலில், உண்டது செரியாமல் கழிந்து நாளடைவில் உடல் நலியும் ஒரு நாட்பட்ட பிணியை விவரித்துள்ளார். வயிற்றைக் குறிக்கும் ‘கொய்லியா’ என்னும் கிரேக்கச் சொல்லின் அடியாக அவர் அதற்கு இட்ட பெயரே இன்றைய பெயருக்கு மூலம். உணவைப் பக்குவப்படுத்தும் உள்வெப்பம் குன்றியமையே நோய்க்குக் காரணம் என்பது அவர் கருத்து.

அதன்பின் நெடுங்கால மௌனம். 1887இல் இலண்டன் கிரேற் ஓர்மண்ட் வீதிச் சிறுவர் வைத்தியசாலையில் சாமுவேல் ஜீ என்பார் நிகழ்த்தி, அடுத்த ஆண்டில் அச்சான விரிவுரையுடனேயே நவீன வரலாறு தொடங்குகின்றது. ஜீ கூர்ந்த நோக்குடையவர். ஒன்று முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளிடத்து இப்பிணி மிகுதி என்பதையும், இறந்தோரின் குடலை வெறுங்கண்ணாற் பார்க்கையில் எந்த மாற்றமும் தெரிவதில்லை என்பதையும் அவர் பதிவுசெய்தார். இந்நோய் குணமாகுமெனின் அது உணவினாலேயே ஆகுமென அவர் கூறியமை இன்றும் மருத்துவ நூல்களிற் போற்றப்படுகின்றது. ஆனால் அவர் வகுத்த உணவு முறையை முழுமையாகப் படிப்போர் குறைவு. மாப்பொருள் மிகுந்தவை ஆகா எனக் கருதிய ஜீ, அரிசியையும் சவ்வரிசியையும் சோளமாவையும் விலக்கினார். மெல்லியதாக வெட்டி இருபுறமும் நன்கு வாட்டிய பாணையோ அனுமதித்தார்! தீங்கற்ற அரிசி விலக்கப்பட, நோயை விளைக்கும் பாண் மருந்தாகப் பரிந்துரைக்கப்பட்டது. இதனை ஒரு தனிமனிதரின் தவறாகக் கொள்ளுதல் பொருந்தாது. பாண் இல்லாத உணவை உணவென்றே கருதாத சமூகமொன்றின் மருத்துவர் அவர். நாளாந்த உணவைத் தருமாறு இறைவனை வேண்டும் மன்றாட்டிலே ‘பாண்’ என்னும் சொல்லையே வழங்கும் பண்பாட்டில், அதனை நஞ்சென எண்ணுதல் எளிதாயிருந்திராது.

ஜீயின் விரிவுரையில் வரும் இன்னொரு செய்தியும் மனங்கொள்ளத்தக்கது. நாள்தோறும் ஒரு குவாட் அளவு ஒல்லாந்து மட்டிச் சதை கொடுக்கப்பட்ட பிள்ளையொன்று வியக்கத்தக்கவாறு தேறியது. மட்டிப் பருவம் முடிந்ததும் நோய் திரும்பியது. மறு பருவத்திலோ பிள்ளை அதனை உண்ணவே மறுத்துவிட்டது. நலத்தை அளித்தது மட்டி அன்று, மட்டியால் வயிறு நிறைந்தமையால் உண்ணப்படாது விடப்பட்ட வேறேதோ என்று இன்று நாம் ஊகிக்கலாம். ஆனால் உண்டதைக் கணக்கிடும் கண்ணுக்கு உண்ணாதது தென்படுவதில்லை.

இதே மயக்கம் அடுத்த அரை நூற்றாண்டையும் ஆட்கொண்டது. 1908இல் அமெரிக்காவின் கிறிஸ்ரியன் ஹேர்ட்டர், குடலில் வாழும் பற்றீரியாக்களே இதற்குக் காரணமென நூலெழுதினார். பற்றீரியாவியல் கொடிகட்டிப் பறந்த காலம் அது. பின்னர் காபோவைதரேற்றுக்கள் பொதுவாகவே பழிசுமந்தன. 1924இல் நியூயோர்க்கின் சிட்னி ஹாஸ், வாழைப்பழத்தை முதன்மையாகக் கொண்டு, பாணையும் தானியங்களையும் உருளைக்கிழங்கையும் நீக்கிய உணவுமுறையை வெளியிட்டார். பிள்ளைகள் உண்மையிலேயே தேறினர். வாழைப்பழச் சிகிச்சை புகழ்பெற்றது. பயன் மெய், விளக்கம் பொய் என்பதே இங்குள்ள சிக்கல். வாழைப்பழத்தில் ஏதோ அருங்குணம் உண்டென்றே எண்ணப்பட்டது. அதனால் தேறிய பிள்ளைகளைக் குணமடைந்தோராகக் கருதி மீண்டும் பாண் உண்ண விடுவதற்குத் தடையிருக்கவில்லை. அரைகுறையான வெற்றி, முழுத் தோல்வியைவிட நெடுங்காலம் உண்மையை மறைக்கவல்லது என்பதற்கு இதனிலும் சிறந்த உதாரணம் காண்பதரிது. குளுற்றன் பற்றிய உண்மை வெளியானபின் 1951இல் தம் மகனோடு சேர்ந்து எழுதிய நூலிலும் ஹாஸ் தம் முறையையே வலியுறுத்தினார்.

இனி ஒல்லாந்துக்கு வருவோம். சீலியாக் நோயின் வரலாறு பொதுவாகச் சொல்லப்படும் முறை ஓர் அழகிய கதையாக அமைந்துள்ளது. இரண்டாம் உலகப்போரின் இறுதியில் ஒல்லாந்தின் மேற்குப் பகுதியில் கொடும் பஞ்சம் ஏற்பட்டது, பாண் அற்றுப்போனது, எல்லாப் பிள்ளைகளும் மெலிய, சீலியாக் நோயுற்ற பிள்ளைகள் மட்டும் தேறினர், நேசநாட்டு விமானங்கள் பாணைக் கொண்டுவந்து போட்டதும் அவர்கள் மீண்டும் நோயுற்றனர், இதைக் கண்ட வில்லெம் கரெல் டிக்கே என்னும் மருத்துவர் உண்மையை உணர்ந்தார். மருத்துவ மாணவர் பலர் இக்கதையைக் கேட்டிருப்பர்.

பஞ்சம் மறுக்கவியலாத வரலாற்று நிகழ்ச்சி. 1944 செப்ரெம்பரில் இலண்டனிலிருந்த ஒல்லாந்து அரசு புகையிரத வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்தது. அதற்குப் பழிவாங்குமுகமாக ஜேர்மனியர் மேற்குப் பகுதிக்கான உணவுப் போக்குவரத்தைத் தடுத்தனர்; அத்தடை தளர்ந்த வேளையில் கடுங்குளிரால் கால்வாய்கள் உறைந்தன. 1945இன் தொடக்க மாதங்களில் பங்கீட்டு உணவு நாளொன்றுக்கு 600 கலோரிக்கும் கீழே இறங்கியது. மக்கள் சீனிபீற்றையும் தூலிப் பூச்செடியின் கிழங்குகளையும் அவித்துண்டனர். ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர்.

ஆயின் கதை காட்டும் காலவரிசையை ஆவணங்கள் ஏற்கவில்லை. 1905இல் பிறந்த டிக்கே, 1936இல், தமது முப்பத்தோராம் வயதிலே, ஹேக் நகரின் யூலியானா சிறுவர் வைத்தியசாலையின் தலைமையை ஏற்றவர். தன் பிள்ளைக்குப் பாணை நிறுத்தியபோதெல்லாம் தோலிலிருந்த தடிப்பு மறைந்ததாகத் தாயொருத்தி கூறியதே முப்பதுகளில் அவரின் ஐயத்தைத் தூண்டியது என்று பிற்காலத்தில் அவர்நாட்டு மருத்துவர் எழுதியுள்ளனர். 1941இலேயே, பஞ்சத்துக்கு மூன்றாண்டு முன்னதாக, ஒல்லாந்து மருத்துவ இதழில் இந்நோய்க்கான எளிய உணவுமுறையொன்றை அவர் வெளியிட்டுவிட்டார். பாணும் ரஸ்க்கும் அதில் விலக்கப்பட்டிருந்தன. ஆகவே பஞ்சம் அவருக்குக் கருதுகோளைத் தரவில்லை. ஏற்கெனவே கொண்டிருந்த கருதுகோளை எந்த ஆய்வாளரும் துணியாத அளவிலே சோதித்துக் காட்டியது எனலே பொருந்தும். கதையை விரும்புவோர் இதனை ஒரு சிறு வேறுபாடெனக் கொள்ளலாம். எனக்கு அது சிறிதாகத் தோன்றவில்லை. கதையின்படி உண்மை விமானத்திலிருந்து விழுந்தது. ஆவணங்களின்படி அது ஒரு தாயின் சொல்லைச் செவிமடுத்து, பல்லாண்டுகள் பிள்ளைகளின் நிறையைக் குறித்துவந்த ஒருவரின் உழைப்பால் விளைந்தது.

போர் முடிந்தபின் அவ்வுழைப்பு முழுமை பெற்றது. மலத்தில் வெளியேறும் கொழுப்பைச் செம்மையாக அளக்கும் முறையொன்றை இரசாயனவியலாளர் வான் டி காமர் 1949இல் உருவாக்கியிருந்தார். உறிஞ்சப்படாத கொழுப்பின் அளவே நோயின் அளவு. இப்போது அது எண்ணாகக் கிடைத்தது. பிள்ளைகளுக்குக் கோதுமையை நீக்கியும் மீண்டும் சேர்த்தும் செய்த நீண்டகால அவதானங்களை 1950இல் யூட்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டில் டிக்கே தொகுத்துக் கூறினார். பின்னர் வான் டி காமருடனும் சிறுவர் மருத்துவர் வேயர்ஸுடனும் சேர்ந்து, கோதுமையின் மாப்பொருள் தீங்கற்றது, அதன் புரதமே தீங்கு விளைப்பது, அதிலும் அற்ககோலிற் கரையும் பகுதியே என நிறுவினார். இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமிலிருந்து வெளிவந்த ஆய்வுகளும் 1952 முதல் இதனை உறுதிப்படுத்தின. அரிசி குற்றமற்றதென விடுவிக்கப்பட்டது. டிக்கே 1962இல் காலமானார்.

காரணம் அறியப்பட்டதும் நோயை இனங்காண்பது எளிதாயிற்றென எண்ணிவிடலாகாது. குடலின் மெல்லிய உட்சுவர் இறப்பின்பின் விரைவிற் சிதைவதால், சவப்பரிசோதனை ஜீயைப் போலவே பிறரையும் ஏமாற்றிவந்தது. 1954இல் இங்கிலாந்தில் பௌலி என்பார் சத்திரசிகிச்சையின்போது பெற்ற குடற்றுண்டுகளில் அழற்சியைக் காட்டினார். 1956இல் மார்கொட் ஷைனர், வாய்வழியே குழாயைச் செலுத்தி உயிருள்ள சிறுகுடலின் துணுக்கை எடுக்கும் வழியைக் கண்டார். தட்டையான சடைமுளைகள் முதன்முறையாகத் தெளிவுறத் தெரிந்தன. 1960இல் அமெரிக்காவின் சைரஸ் றூபின், பிள்ளைகளின் சீலியாக் நோயும் வளர்ந்தோரின் காரணமறியாக் கழிச்சலும் குடலில் ஒரே சிதைவையே காட்டுகின்றன என நிறுவியபோது, ‘குழந்தை நோய்’ என்னும் கருத்தும் வீழ்ந்தது.

1969இல் சுவிற்சர்லாந்தின் இன்ரலாக்கன் நகரிற் கூடிய ஐரோப்பிய சிறுவர் மருத்துவர் மூன்று துணுக்குச் சோதனைகளை விதித்தனர்: நோயுற்றபோது ஒன்று, உணவு மாற்றத்தின்பின் ஒன்று, மீண்டும் குளுற்றன் கொடுத்தபின் ஒன்று. தேறிய பிள்ளையை மறுபடி நோயுறச் செய்தே நோயை உறுதிப்படுத்தும் இவ்விதி பெற்றோருக்கு எவ்வளவு கொடிதாயிருந்திருக்கும்! 1990இல் அது பெரும்பாலும் தளர்த்தப்பட்டது. 1997இல் பேர்லின் ஆய்வாளர், நோயாளியின் பிறபொருளெதிரிகள் தாக்கும் இலக்கு திசுத் திரான்ஸ்குளுற்றமினேஸ் என்னும் நொதியமே எனக் கண்டனர். அதன்பின் முதற்சோதனை இரத்தத்துளியாயிற்று. 2012இல் வகுக்கப்பட்ட ஐரோப்பிய விதிகளின்படி, பிறபொருளெதிரி மிக உயர்ந்துள்ள சில பிள்ளைகளுக்குத் துணுக்குச் சோதனையே வேண்டுவதில்லை. ஆயினும் ஒரு நிபந்தனை மாறவில்லை: சோதனைக் காலத்தில் நோயாளி கோதுமை உண்பவராயிருத்தல் வேண்டும். ஐயத்தின்பேரில் முன்னரே பாணை நிறுத்தியவரிடத்து இரத்தமும் குடலும் தெளிந்துவிடும். நோய் உண்டா இல்லையா என்பது பின்னர் தீராத வழக்காகிவிடும்.

நமது பகுதியில் இந்நோய் வேறொரு பெயரின் நிழலில் மறைந்தது. வெப்பவலய நாடுகளில் நாட்பட்ட கழிச்சலையும் நாப்புண்ணையும் உண்டாக்கும் பிணியொன்றை ஒல்லாந்தர் சொல்லின்வழி ஆங்கிலேயர் ‘ஸ்புறூ’ என்றழைத்தனர். குடியேற்றக்கால மருத்துவ நூல்களில் அதற்கு ‘இலங்கை வாய்ப்புண்’ என்னும் பெயரும் வழங்கியது. அதிலும் சடைமுளைகள் தேய்வதுண்டு. ஆனால் போலிக்கமிலமும் நுண்ணுயிர்க்கொல்லியும் அதனைத் தீர்க்கும். 1960களில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர் தென்னிந்தியக் கிராமங்களில் அதனை விரிவாக ஆராய்ந்தனர். அதே பத்தாண்டில் வட இந்தியப் பிள்ளைகளிடத்துச் சீலியாக் நோய் பற்றிய அறிக்கைகள் வெளிவரலாயின. ஆயினும் அது வெள்ளையரின் நோயென்ற எண்ணம் எளிதில் அகலவில்லை.

2016இல் வெளியான இந்திய ஆய்வொன்று இவ்விடயத்திற் பெரிதும் பயனுடையது. வடக்கில் நூற்றுக்கு 1.23 ஆக இருந்த நோயின் அளவு, தெற்கே வேலூர்ப் பகுதியில் 0.10 மட்டுமே. ஆனால் நோய்க்கு இடங்கொடுக்கும் பரம்பரையலகுகள் இரு பகுதியினரிடத்தும் ஏறத்தாழ ஒரே அளவில், மூவரில் ஒருவருக்குச் சற்று மேலாகக் காணப்பட்டன. வேறுபட்டது தட்டு. நாளொன்றுக்கு வடக்கே 455 கிராம் கோதுமை. தெற்கே 25 கிராம். தெற்கின் காப்பு இரத்தத்தில் அன்று, சோற்றுப் பானையில் இருந்தது என்றே இதனைப் படிக்கலாம்.

இவ்விடத்திலே ஒல்லாந்தைப் பஞ்சத்தில் ஆழ்த்திய அதே போர் இலங்கையில் விளைத்ததை நோக்குவோம். 1942இல் பர்மா யப்பானியர் கைப்பட்டதும் இங்கு அரிசி வரவு அற்றது. அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா பங்கீட்டிற் புகுந்தது. ஒல்லாந்தில் பாணை அகற்றிய போர், இலங்கையிற் பாணைக் கொணர்ந்தது. போர் முடிந்தும் மா போகவில்லை. 1980இல் திருகோணமலையில் பிறீமா மா ஆலை இயங்கத் தொடங்கியது. மலையகத் தோட்டங்களில் ரொட்டி அன்றாட உணவாயிற்று. நகரங்களிற் பாண் காலையுணவாயிற்று. அரிசிமாவுக்கே உரியவையாயிருந்த பிட்டிலும் இடியப்பத்திலும் கோதுமை மா கலந்தது. இந்நோயுடைய ஒருவர் இன்று நம்மிடையே வாழ்வதாயின் பாணையும் ரொட்டியையும் விலக்கினால் மட்டும் போதாது. கடையில் வாங்கும் பெருங்காயத்தூளில் மா சேர்ந்திருக்கலாம். சோயாச் சாற்றிலும் கோதுமை உண்டு. பார்லி முளையிலிருந்து செய்யும் மோல்ற் பானங்களும் ஆகா. உணவகத்தில் வெள்ளை இடியப்பம் வைக்கப்படும்போது அது எந்த மாவில் அவித்தது என்பதைப் பார்வையால் அறிதல் கடினம். ஒவ்வொரு முறையும் கேட்டே அறிதல் வேண்டும்.