சுருட்டப்பள்ளிப் பயணமும் கீழாநெல்லியின் கதையும்

சென்ற மாதம் ஒரு பிரதோஷத்தன்று நண்பர்கள் ஐவர் சுருட்டப்பள்ளிக்குச் சென்றிருந்தோம். ஊத்துக்கோட்டையில் ஆரணியாற்றைக் கடந்து ஆந்திர எல்லைக்குள் சிறிது தூரம் சென்றால் ஊர் வந்துவிடும். சிவபெருமானை இலிங்க வடிவில் கண்டே பழகிய கண்களுக்கு இத்தலம் ஒரு வியப்பு. ஆலகால நஞ்சை உண்ட களைப்பில், தேவியின் மடியில் தலைவைத்துப் பள்ளிகொண்டிருக்கிறார் இறைவன். பள்ளிகொண்டீஸ்வரர் என்பது திருநாமம்.

திரும்பும் வழியில் ஊத்துக்கோட்டையில் தேநீருக்காக வண்டியை நிறுத்தினோம். அப்போது நண்பர் ஒருவர் பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்து இரண்டு மாத்திரைகளை விழுங்கினார். 'ஆன்டி ஆக்சிடன்ட் நிறைந்தது, கல்லீரலைக் காப்பது' என்று குப்பியில் அச்சிட்டிருந்தது. உட்பொருள்களின் பட்டியலில் கீழாநெல்லி முதலிடத்தில் இருந்தது. இரண்டாண்டுகளுக்கு முன் இரத்ததானம் செய்தபோது தமக்கு ஹெபடைடிஸ் பி தொற்று இருப்பது தெரியவந்ததாகவும், அன்று முதல் இதைத் தவறாமல் உண்டுவருவதாகவும் அவர் சொன்னார். மருத்துவரைப் பார்த்தீரா என்று கேட்டதற்கு, "எதற்கு? உடம்புக்கு ஒன்றும் இல்லையே!" என்றார். அந்தப் பதிலே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

கீழாநெல்லியை அறியாத தமிழர் உண்டா? மழை பெய்து ஓய்ந்தால் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் தானே முளைக்கும் செடி. இலைக்காம்பின் அடியில் குட்டி நெல்லிக்காய்களைப் போலக் காய்கள் வரிசையாகத் தொங்குவதால் கீழ்க்காய்நெல்லி என்பதும் இதற்குப் பெயர். மஞ்சள் காமாலை என்றதும் இதை வேரோடு பிடுங்கி அரைத்து மோரில் கலந்து கொடுப்பது நம் வீடுகளின் வழக்கம். இதன் உறவான மேலாநெல்லிக்கு 1753-இல் லின்னேயஸ் சூட்டிய தாவரப் பெயரில் நம் மதராஸின் பெயரே 'மதராஸ்பட்டென்சிஸ்' என்று இடம்பெற்றிருப்பது ஒரு சிறு மகிழ்ச்சி! கீழாநெல்லியின் தாவரப் பெயரில் மட்டும் நெடுநாள் குழப்பம் இருந்தது. இந்திய நூல்கள் 'ஃபில்லாந்தஸ் நிரூரி' என்று எழுதிவந்தன. அப்பெயருக்குரிய செடி அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. நம் வரப்பில் முளைப்பது பெரும்பாலும் 'ஃபில்லாந்தஸ் அமாரஸ்' என்பது பின்னரே தெளிவாயிற்று.

இனிக் கதைக்கு வருவோம். பரூக் பிளம்பெர்க் என்னும் அமெரிக்க விஞ்ஞானி ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தத்தில் புதிய புரதம் ஒன்றைக் கண்டார். அது ஹெபடைடிஸ் பி கிருமியின் மேலுறைப் புரதம் என்பது பின்னர் உறுதியாயிற்று. இப்பணிக்காக 1976-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பணியாற்றிய பிலடெல்பியா ஆய்வகத்தில் வெங்கடேஸ்வரன், மில்மன் ஆகியோர் அவருடன் சேர்ந்து நம் செடியின் சாற்றைச் சோதித்தனர். சோதனைக் குழாயில் அச்சாறு கிருமியின் நொதி ஒன்றைத் தடுத்தது. இதே வகைக் கிருமி தொற்றும் வுட்சக் என்னும் கொறிவிலங்கிலும் நம்பிக்கையூட்டும் விளைவுகள் தெரிந்தன. இவை 1987-இல் வெளிவந்தன.

அடுத்த ஆண்டு சென்னையின் பெயர் உலகெங்கும் பேசப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் (2003-இல் அதன் துணைவேந்தரானவர்) அவர் குழுவினரும் பிளம்பெர்க்குடன் இணைந்து நடத்திய ஆய்வு 1988-இல் 'லான்செட்' இதழில் வெளியாயிற்று. கிருமியை நெடுங்காலம் சுமந்திருந்தோருக்கு கீழாநெல்லிப் பொடி 30 நாள் தரப்பட்டது; ஒப்பீட்டுக்காக வேறு சிலருக்கு மருந்தற்ற வெற்றுப் பொடி தரப்பட்டது. மருந்துண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து கிருமியின் மேலுறைப் புரதம் மறைந்துவிட்டது. வெற்றுப் பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நிகழ்ந்தது. பாட்டி வைத்தியத்திற்கு நோபல் அறிஞரின் சான்று கிடைத்துவிட்டது என்று தமிழர் பூரித்ததில் வியப்பென்ன?

ஆனால் அறிவியலில் ஓர் ஆய்வு என்பது ஒருவர் சொல்லும் சாட்சியம் மட்டுமே. தாய்லாந்தில் அதே செடியைக் கொடுத்துப் பார்த்தனர். கிருமி நீங்கவில்லை என்று 1990-இல் அதே லான்செட்டில் எழுதினர். நியூசிலாந்தில் 1994-இல் வெளியான ஆய்விலும் தோல்வியே. மண் வேறு, பருவம் வேறு, இனம் வேறு என்ற விவாதங்கள் எழுந்தன. அவற்றில் பொருள் இல்லாமல் இல்லை. செடிக்குச் செடி சத்து மாறுவது உண்மைதான். ஆயினும் 2011-இல் காக்ரேன் குழு எல்லா ஆய்வுகளையும் ஒருசேர எடைபோட்டபோது, ஹெபடைடிஸ் பி-க்கு இச்செடி பயன்படும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்றே கண்டது. முதல் ஆய்வைப் பெருமையோடு நினைவில் வைத்திருக்கும் நாம், பின்வந்தவற்றை வசதியாக மறந்துவிட்டோம் என்பதே எம் வருத்தம்.

அப்படியானால் பாட்டி கொடுத்த மருந்தில் காமாலை இறங்கியது பொய்யா? பொய்யன்று. நீராலும் உணவாலும் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஈ ஆகியவை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தாமே தணிபவை. (கருவுற்ற பெண்களுக்கு ஈ வகை உயிராபத்தாகலாம் என்பதை மறக்கலாகாது.) நோய் தணிந்த பெருமை செடிக்குப் போயிற்று. பி வகையோ இரத்தத்தாலும், உடலுறவாலும், பிரசவத்தில் தாயிடமிருந்து சேய்க்கும் பரவுவது. குழந்தைப் பருவத்தில் தொற்றினால் பெரும்பாலும் ஆயுள் முழுதும் தங்கி, கண் மஞ்சளாகாமலே கல்லீரலைச் சுருக்கவும் புற்றாக்கவும் வல்லது. இரண்டையும் காமாலை என்ற ஒரே சொல்லில் அடக்கியதே நம் பிழை.

'ஆன்டி ஆக்சிடன்ட்' என்ற சொல்லையும் சற்றுப் பார்ப்போம். உடலின் ஆக்சிஜன் வினைகளில் பிறக்கும் ஃப்ரீ ராடிகல்களே முதுமைக்குக் காரணம் என்று 1956-இல் டென்ஹாம் ஹார்மன் எழுதியதிலிருந்து இவ்வணிகத்திற்குக் கரு கிடைத்தது எனலாம். கல்லீரல் தனக்கு வேண்டிய குளூட்டதயோனைத் தானே செய்துகொள்கிறது. பாராசிட்டமால் மிகுந்தால் அந்தச் சேமிப்பு தீர்ந்துபோகும். அப்போது அசிட்டைல்சிஸ்டீன் கொடுத்து அதை மீட்டு மருத்துவர்கள் உயிரைக் காக்கின்றனர். கொழுப்புக் கல்லீரல் அழற்சிக்கு வைட்டமின் ஈ ஓரளவு உதவியதை 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. அழற்சி தேறியோர் 43 விழுக்காடு. வெற்று மாத்திரை உண்டோரில் 19. அது நீரிழிவு இல்லாதவர்களிடம், மருத்துவர் கண்காணிப்பில், 96 வாரம் நடந்தது. கடைக் குப்பிக்கு இச்சான்றுகள் பொருந்துமா?

மறுபுறமும் உண்டு. கொரோனா காலத்தில் எதிர்ப்பாற்றலுக்கென்று சீந்தில் உண்ட ஆறு பேருக்குக் கல்லீரல் அழற்சி கண்டதை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்தனர். மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பழுதுற்ற பத்துப் பேரை அமெரிக்க ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். அவர்களில் ஒருவர் இறந்தார். குழம்பில் இடும் மஞ்சளுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மிளகின் பிப்பெரினைச் சேர்த்தால் குர்குமின் இருபது மடங்கு மிகுதியாக இரத்தத்தில் ஏறுவதை பெங்களூர் ஆய்வொன்று 1998-இலேயே காட்டியது. அந்தச் சேர்க்கையை மாத்திரைக்குள் அடைத்து விற்பது வேறு சங்கதி.

இவ்வளவையும் வண்டியிலேயே நண்பரிடம் சொல்லிவிட்டோம் (திருவள்ளூர் வரும்வரை அவர் பேசவே இல்லை). கிருமியை அடக்கும் டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் இன்று கிடைக்கின்றன. அவருக்கு அவை தேவையா என்பதை இரத்தத்தில் கிருமியின் அளவைப் பார்த்து மருத்துவரே முடிவு செய்வார். அவர் மனைவிக்கும் மகளுக்கும் பரிசோதனையும், தேவையெனில் தடுப்பூசியும் வேண்டும். இந்தியாவெங்கும் குழந்தைகளுக்கான அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இது சேர்ந்தது 2011-இல்தான்; மகள் பிறந்தது அதற்கு முந்தைய ஆண்டு.

திங்களன்று நண்பரிடமிருந்து தொலைபேசி அழைப்பு. மூவரும் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்களாம். குப்பியில் மிச்சமிருப்பதை என்ன செய்வது என்று கேட்டார். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அதையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள் என்றோம்.