காஞ்சிபுரமும் மூச்சுத் திணறும் செல்லும்

காஞ்சிபுரம் என்றதும் பட்டு, கோயில், அறிஞர் அண்ணா என்று மூன்று விஷயங்கள் ஞாபகம் வரும். நான்காவதாக இன்னொன்றும் உண்டு. காரப்பேட்டையில் இருக்கிற அண்ணா நினைவு புற்றுநோய் மருத்துவமனை. 1909-ல் இந்த ஊரில் பிறந்த அண்ணா, முதல்வராக இருந்தபோதே உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்காக 1968-ல் நியூயார்க் போய் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். 1969 பிப்ரவரி 3 அன்று மறைந்தார்.

உணவுக்குழாய்ப் புற்றுநோயை வைரஸ் கணக்கில் பொதுவாகச் சேர்ப்பதில்லை. ஆனால் கருப்பை வாய்ப் புற்றுநோய் கிட்டத்தட்ட முழுக்க முழுக்க ஒரு வைரஸின் வேலை. 2022 மதிப்பீட்டின்படி இந்தியாவில் அந்த ஒரு வருடத்தில் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்கு இது வந்தது. ஏறக்குறைய 80 ஆயிரம் பேர் இறந்தார்கள். இந்த வைரஸ் செல்லுக்குள் என்னதான் செய்கிறது? அதைப் புரிந்துகொள்ள இரண்டு கதைகள் வேண்டும்.

முதல் கதை வைரஸ் பற்றியது. 1911-ல் பெய்டன் ரூஸ் என்ற அமெரிக்கர் ஒரு கோழியின் கட்டியை அரைத்து, செல்லோ பாக்டீரியாவோ புக முடியாத வடிகட்டியில் வடித்து, அந்தச் சாற்றை நல்ல கோழிகளுக்குச் செலுத்தினார். அவற்றுக்கும் கட்டி வந்தது! பல வருடங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நோபல் பரிசு கிடைத்தது 1966-ல், அதாவது 55 வருடம் கழித்து. 1983-ல் ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹவுசன் குழு, கருப்பை வாய்ப் புற்றுநோயில் எச்.பி.வி. 16 என்ற வைரஸ் வகையைக் கண்டுபிடித்தது. அவருக்கு நோபல் 2008-ல்.

இரண்டாவது கதை ஆக்ஸிஜன் பற்றியது. ஆக்ஸிஜன் குறைந்தால் செல் சும்மா இருக்காது. "ஹிஃப்" என்ற புரதம் மேலாளர் மாதிரி வந்து, புது ரத்தக்குழாய் போடு, சர்க்கரையை வேகமாக எரி என்று உத்தரவு போடும். ஆக்ஸிஜன் போதுமான அளவு இருந்தால் சில என்சைம்கள் ஹிஃப் மீது ஒரு முத்திரை குத்தும். வி.எச்.எல். என்ற இன்னொரு புரதம் அந்த முத்திரையைப் பார்த்து, ஹிஃப்பை அழிக்க அனுப்பிவிடும். ஆக்ஸிஜன் இல்லையென்றால் முத்திரை இல்லை, அழிவும் இல்லை. இதைக் கண்டுபிடித்த செமென்சா, ராட்கிளிஃப், கெலின் மூவருக்கும் 2019-ல் நோபல் கிடைத்தது.

இப்போது இரண்டு கதைகளும் சந்திக்கும் இடத்துக்கு வருவோம். ஜக்கார்டு தறியில் அட்டையிலுள்ள துளைகள் சொல்கிறபடிதான் நூல் ஏறும், பூ விழும். வைரஸிடம் சொந்தத் தறி கிடையாது. நம் செல்லின் தறியில் தன் அட்டையைச் செருகிவிடுகிறது, அவ்வளவுதான். எச்.பி.வி.யின் ஈ6, ஈ7 என்ற புரதங்கள் முதலில் செல்லின் காவலர்களான பி53-ஐயும் ஆர்.பி.யையும் முடக்குகின்றன. அதோடு ஹிஃப் அழியாமல் சேரவும் வேகமாக வேலை செய்யவும் துணை போகின்றன. கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமான ஹெபடைடிஸ் பி வைரஸின் எக்ஸ் புரதமும் ஹிஃப்பைக் காப்பாற்றுகிறது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் முத்திரை குத்தும் என்சைம்களையே குறைக்கிறது. கபோசி சர்கோமா வைரஸ் இன்னும் ஒரு படி மேலே போய் வி.எச்.எல்.லையே அழித்துவிடுகிறது.

வழி வேறு, முடிவு ஒன்று. ஆக்ஸிஜன் இருக்கும்போதே செல் மூச்சுத் திணறுவது போல நடந்துகொள்கிறது. வைரஸுக்குப் புற்றுநோய் தேவையில்லை. தன்னைப் பெருக்கிக்கொள்ள, ஓயாமல் இயங்கும் செல்தான் தேவை. அதன் விலையை நாம் கொடுக்கிறோம்.

இது வெறும் பாடப்புத்தக விஷயம் இல்லை. ஆக்ஸிஜன் குறைந்த கட்டியில் கதிர்வீச்சு சரியாக வேலை செய்யாது என்பது 1953-லேயே எல்.எச். கிரே குழு காட்டியது. முற்றிய கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு முக்கியச் சிகிச்சையே கதிர்வீச்சுதான். ரத்தசோகை உள்ள பெண்களுக்கு அதன் பலன் குறைவதாகவும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் நாட்டில் எத்தனை பெண்களுக்கு ரத்தசோகை என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே முற்றவிடாமல் பிடிப்பதுதான் புத்திசாலித்தனம். அதற்கு வழிகாட்டியதும் தமிழ்நாடுதான்! திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுள்ள பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வில், வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்க்கும் எளிய பரிசோதனையாலேயே இறப்பு 35 சதவீதம் குறைந்தது. 2007-ல் லான்செட் இதழில் வந்த முடிவு இது. 2023-ல் இந்தியாவிலேயே தயாரான எச்.பி.வி. தடுப்பூசியும் வந்துவிட்டது.

ரூஸின் கோழியிலிருந்து இந்த ஊசிவரை நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அறிவியல் தன் பங்கைச் செய்துவிட்டது. தறி வேலை, வீட்டு வேலை என்று தன் உடம்பை மட்டும் தள்ளிப்போடும் நம் அம்மா, அக்கா, அத்தைகளிடம் இதைச் சொல்ல வேண்டியது நம் பங்கு. தங்கைகளுக்கு ஊசி, அம்மாக்களுக்குப் பரிசோதனை. இன்றைக்கே வீட்டில் பேசிவிடுங்கள் நண்பர்களே.