யார் பெயரில் அனுமதி

1901 வாக்கில் இலங்கைத் தேயிலைத் தோட்டக்காரர்கள், தங்களுக்கு ஆள் கட்டும் கங்காணிகளின் கையில் சின்னச் சின்னத் தகர வில்லைகளைக் கொடுத்துத் தமிழ்நாட்டுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். ஓர் ஆளுக்கு ஒரு வில்லை. அதில் ஓர் எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். எழுத்து தோட்டம் இருக்கும் வட்டாரத்துக்கு, எண் தோட்டத்துக்கு. நூலில் கோத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டால் போதும்; ரயிலிலோ கப்பலிலோ காசு கேட்க மாட்டார்கள், வழியில் சோறும் கிடைக்கும். செலவெல்லாம் அந்த எண்ணுக்குரிய தோட்டத்தின் கணக்கில் ஏறிவிடும். அதைக் கட்டியிருப்பவனின் பெயர் மட்டும் அதில் எங்கும் இருக்காது.

என் அப்பத்தாவின் அண்ணன் அப்படித்தான் கண்டிக்குப் போனார். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. பரமக்குடிப் பக்கத்து மானாவாரிக் கிராமம்; கண்மாய் வறண்ட வருசம். "தகரத்தைக் கட்டிக்கிட்டுப் போனான், தபால்லதான் திரும்பி வந்தான்" என்று அப்பத்தா சொல்லும். வருசத்துக்கு ஒரு கடிதம், அதுவும் வேறு யாரோ எழுதித் தந்தது.

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் கடை வைத்திருக்கிறேன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டாக ஆரம்பித்து, இப்போது ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று நடக்கிறது. முக்கால்வாசி பாஸ்போர்ட் வேலைதான். தேவிபட்டினம், கீழக்கரை, திருப்புல்லாணி, முதுகுளத்தூர் என்று சுற்று வட்டாரத்துப் பையன்கள் பதினெட்டு முடிந்ததும் வந்து நிற்பார்கள். அவர்களுக்குப் படிவம் நிரப்பி நிரப்பித்தான் அந்தத் தகர வில்லையின் கதையைத் தேடிப் படிக்கும் ஆசை வந்தது.

வில்லைக்கு முன்னால் காகிதமும் கிடையாது, கணக்கும் கிடையாது. 1830களில் கண்டி மலையில் காப்பி போட்டபோது புதுக்கோட்டை, திருச்சி, மதுரை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து ஆட்கள் நடந்தே கடற்கரைக்கு வந்தார்கள். தோணியில் மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளை, மாத்தளை என்று மறுபடியும் நடை. காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். காப்பிக்குப் பருவ வேலைதான் என்பதால், பழம் பறித்து முடிந்ததும் பலர் கையில் கொஞ்சம் காசோடு ஊர் திரும்பினார்கள். 1869இல் காப்பி இலையில் துருநோய் விழுந்தது. சில ஆண்டுகளில் காப்பி போய்த் தேயிலை வந்தது. தேயிலைக்கு வருசம் முழுக்கக் கொழுந்து பறிக்க வேண்டும். ஆள் திரும்பிப் போகக் கூடாது என்ற எண்ணம் முதலாளிகளுக்கு வலுத்தது அதற்குப் பிறகுதான்.

1904இல் தோட்டக்காரர்கள் திருச்சியைத் தலைமையிடமாக வைத்து இலங்கைத் தொழிலாளர் ஆணையம் என்று ஓர் அமைப்பை ஏற்படுத்தினார்கள். ஆள் கட்டும் மாவட்டங்களில் அதற்கு முகவர்கள் இருந்தார்கள். தகர வில்லையோடு வருகிறவர்களைக் கிடங்கில் சேர்த்து, சோறு போட்டு, ரயிலேற்றுவது அவர்கள் வேலை. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்த பிறகு எல்லாம் ஒரே பாதை: தனுஷ்கோடிவரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு ஸ்டீமர், பிறகு மலைவரை இலங்கை ரயில். கர்சன், ஹார்டிஞ்ச், எல்ஜின் என்று வைஸ்ராய்களின் பெயரில் ஸ்டீமர்கள் ஓடின. எழும்பூரில் எடுத்த டிக்கெட்டோடு போட் மெயிலில் ஏறிய கனவான்கள் நேரே கொழும்பு போனார்கள். கழுத்தில் தகரம் கட்டியவர்களை மண்டபத்தில் இறக்கி, இலங்கை அரசு நடத்திய முகாமில் சில நாள் வைத்திருந்து, அம்மை குத்தி, துணிகளை ஆவியில் போட்டு, குடற்புழுவுக்கு மருந்து கொடுத்துத்தான் ஏற்றினார்கள். மண்டபம் கேம்ப் என்ற ரயில் நிலையப் பெயர் அந்த முகாமிலிருந்து வந்ததுதான்.

இந்தச் செலவை யார் கொடுத்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தோட்டம் கொடுத்தது, கங்காணியின் பற்றுக் கணக்கில் எழுதியது. கங்காணி அதை ஆளின் தலையில் எழுதினான். ஊரில் கொடுத்த முன்பணம், வேட்டி சேலை, கம்பளி, வழிச்செலவு, கூட வந்து வழியில் செத்தவனின் செலவு என்று எல்லாம் சேர்ந்து, மலையில் கால் வைக்கும் முன்பே கடன் நின்றது. ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் தினமும் எத்தனை ஆள் இறங்குகிறதோ அத்தனைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஆள் குறைந்தால் அவன் வரும்படி குறையும். ஆகவே அந்தக் கடன் தீர்வதில் யாருக்கும் அக்கறை இல்லை.

இதற்கு மேல் துண்டு என்று ஒன்று இருந்தது. கங்காணி தன் ஆட்களோடு வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், தோட்டத்துத் துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார்: இந்தக் கூட்டத்தின் கடன் இவ்வளவு, இத்தனை நாளுக்குள் அதைக் கட்டினால் விடுவிக்கிறேன் என்று. கங்காணி அந்தச் சீட்டோடு தோட்டம் தோட்டமாக ஏறி இறங்குவான். எந்தத் துரை அதிகம் தருகிறாரோ அவர் பழைய கடனைக் கட்டிக் கூட்டத்தை எடுத்துக்கொள்வார். மிச்சப் பணம் கங்காணிக்கு, மொத்தக் கடனும் ஆட்களுக்கு. ஐம்பது அறுபது குடும்பங்கள் தங்களுக்குத் தெரியாமலே கை மாறின. கடைசியில் துண்டை ஒழிக்கச் சொன்னவர்களில் தோட்டக்காரர்களும் இருந்தார்கள். ஆட்கள்மீது மனம் இளகிச் சொல்லவில்லை. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஆளுக்குக் கொடுக்கும் விலை ஏறிக்கொண்டே போனதால் சொன்னார்கள். 1921ஆம் ஆண்டின் சட்டம் துண்டை ஒழித்தது. இந்த வரலாற்றில் ஒரே ஓர் ஆண்டைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டுமென்றால் நான் 1921ஐத்தான் சொல்வேன்.

மறு ஆண்டு இந்தியக் குடியேற்றச் சட்டம் வந்தது. கைவேலை தெரியாத கூலியாளை அரசு அறிவித்த நாட்டுக்கு, அரசு சொன்ன நிபந்தனையில் மட்டுமே கொண்டுபோகலாம். காப்பாளர் இல்லாமல் பதினெட்டு வயதுக்குக் கீழே ஆள் கட்டக் கூடாது. கண்டியிலும் கோலாலம்பூரிலும் இந்திய அரசின் ஏஜெண்டு உட்கார்ந்தார். 1923இல் இலங்கையும் தன் பங்குக்குச் சட்டம் போட்டு, ஆள் கட்டும் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்றது. காகிதத்தில் இவை பெரிய வெற்றிகள். ஆனால் காகிதம் அப்போதும் கங்காணியின் கையிலும் அதிகாரியின் கையிலும்தான் இருந்தது.

பாதுகாப்பு என்று சட்டம் போட்ட அதே இந்திய அரசுதான் கதவை அடைத்ததும். இலங்கை அரசு தன் துறைகளில் தினக்கூலி பார்த்த இந்தியர்களை வேலையை விட்டு அனுப்பத் தொடங்கியதும், பதிலடியாக 1939 ஆகஸ்ட் 1 முதல் இந்திய அரசு இலங்கைக்குக் கூலியாட்கள் போவதைத் தடை செய்தது. தேசிய மானத்தின் பார்வையில் அது நியாயமாகத் தெரிந்திருக்கும். அப்பத்தாவின் அண்ணன் மாதிரி அங்கே குடும்பமாகிவிட்டவர்களுக்கு, ஊருக்கு வந்தால் மலைக்குத் திரும்ப முடியுமா என்ற பயமாக அது இறங்கியது. அவர் வரவில்லை. தன் தாயின் சாவுக்கும் வரவில்லை.

1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. மறு ஆண்டு பாஸ்போர்ட், விசா, தற்காலிக வசிப்பு அனுமதி எல்லாம் நடைமுறைக்கு வந்தன. பாட்டன் காலத்தில் தகர வில்லையோடு அழைத்து வரப்பட்டவனின் பேரனிடம் இப்போது காகிதம் கேட்டார்கள். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். அந்த மனிதர்களிடம் யாரும் கேட்கவில்லை. ஒப்பந்தம் நடந்த இரண்டாம் மாதமே புயலில் தனுஷ்கோடி போயிற்று. பிறகு தலைமன்னாரிலிருந்து ராமேசுவரத்துக்கு 'ராமானுஜம்' கப்பல் அவர்களை ஏற்றி வந்தது. எங்கள் வீட்டுக்கும் மூன்று பேரன்கள் வந்தார்கள், கண்டியில் வாங்கிய இந்திய பாஸ்போர்ட்டோடு. மண்டபம் முகாமில் இறங்கி, தாத்தாவைக் குளிப்பாட்டிக் கப்பலேற்றிய அதே மண்ணில் பெயர் பதிந்தார்கள். இருபது வயதுப் பையன்கள், கவ்வாத்து வெட்டுவதைத் தவிர வேறு தொழில் தெரியாதவர்கள். அவர்களைக் கோத்தகிரிப் பக்கம் தேயிலை வேலைக்கு அனுப்பிவைத்த அன்று என் அப்பா யாரிடமும் பேசவில்லை.

இப்போது என் கடைக்கு வரும் பையன்களின் காகிதத்துக்கு வருகிறேன். 1922 சட்டத்துக்குப் பதிலாக 1983இல் புதிய குடியேற்றச் சட்டம் வந்தது. பத்தாவது தேறியவனின் பாஸ்போர்ட்டில் ஒன்றும் இருக்காது. தேறாதவனுடையதில் இ.சி.ஆர். என்ற குறிப்பு விழும். வளைகுடா நாடுகள் ஆறு, மலேசியா, ஜோர்டான், லெபனான், ஈராக் என்று மொத்தம் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவன் குடிபெயர்வோர் காப்பாளரிடம் அனுமதி வாங்க வேண்டும். 2018 ஜனவரியில் இவர்களுக்கு மட்டும் ஆரஞ்சு நிற பாஸ்போர்ட் என்று அரசு அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பி அந்த மாதமே கைவிட்டது. விமான நிலைய வரிசையில் படிக்காதவன் என்று நிறத்தால் அறிவித்திருப்பார்கள். அது நடக்காமல் போனதில் எனக்கு இன்றும் நிம்மதி.

இந்த அனுமதியால் நன்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு வருசத்துக்கு 275 ரூபாய் கட்டினால் பத்து லட்சம் ரூபாய் காப்பீடு வருகிறது. சவுதியில் சாரத்திலிருந்து விழுந்து செத்த ஒரு பையனின் தாய்க்கு அந்தப் பணம் வந்ததை நான் பார்த்தேன். ஏஜெண்டு கமிஷனுக்கு 30,000 ரூபாய் உச்சவரம்பு இருக்கிறது. ஆனால் என் கடைக்கு வருகிற பையன்களில் பலர் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு கொடுத்திருக்கிறார்கள், ரசீது இல்லாமல். அம்மாவின் தோடு, தங்கச்சியின் கொலுசு, வட்டிக்கு வாங்கிய பணம். முப்பது வயது நிரம்பாத பெண்ணுக்கு இ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் வீட்டு வேலைக்கு அனுமதியே கிடையாது. ஆகவே அவள் டூரிஸ்ட் விசாவில், யாருக்கும் தெரியாத வழியில் போகிறாள். 1939இல் கதவடைத்ததை இது எனக்கு நினைவூட்டுகிறது. தடுக்கப்பட்டவள் வீட்டில் உட்கார்ந்துவிடுவதில்லை, காப்பீடு இல்லாமல் போகிறாள்.

வளைகுடாவில் போய் இறங்கிய பிறகு, இக்காமா என்ற வசிப்பு அட்டையில் வேலை கொடுக்கும் கபீலின் பெயர் இருக்கும். அவன் சம்மதித்து, ஆட்சேபணை இல்லை என்று என்.ஓ.சி. தந்தால்தான் வேறு கம்பெனிக்கு மாற முடியும் என்பது நெடுங்காலம் வளைகுடா முழுக்க நடைமுறை. சம்பளம் வராமல் ஆறு மாதம் கிடந்தவனும் அந்தச் சீட்டுக்காகக் காத்திருக்க வேண்டும். துண்டைப் பற்றிப் படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது இதுதான். கத்தார் 2020இல் என்.ஓ.சி. கட்டாயத்தை நீக்கியது, அடுத்த ஆண்டு சவுதி சில நிபந்தனைகளோடு வேலை மாற வழி விட்டது. கண்டி மலையில் துண்டு ஒழிந்து ஏறக்குறைய நூறு வருசம் கழித்து.

முதலாளியின் பெயரே இல்லாத அனுமதியும் உலகத்தில் உண்டு. ஆஸ்திரேலியா 1975இலேயே பிரிட்டன், அயர்லாந்து, கனடா இளைஞர்களுக்கு அப்படி ஒன்று வைத்தது: ஒரு வருசம் வந்து ஊர் சுற்று, கைச்செலவுக்குக் கிடைத்த வேலையைப் பார், பிடிக்காவிட்டால் விட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போ. இந்தியர்களுக்கு அது 2024 அக்டோபரில்தான் திறந்தது. 18 முதல் 30 வயதுவரை, ஆண்டுக்கு 1,000 இடம், 25 டாலர் கட்டிக் குலுக்கலில் பெயர் போட வேண்டும். பிரிட்டன் 2023இல் 3,000 இளைஞர்களுக்கு இரண்டு வருசம் என்று திறந்தது. அங்கே போக டிகிரியும் 2,530 பவுண்டு சேமிப்பும் வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு ஆங்கிலமும், பள்ளிக்கு மேல் படிப்பும், 5,000 டாலர் கையிருப்பும். போன ஐப்பசியில் திருப்புல்லாணிப் பையன் ஒருவன் போனில் அந்த அறிவிப்பைக் காட்டி, "மாமா, இதுக்கு எனக்குப் போட முடியுமா?" என்று கேட்டான். ஒன்பதாவதோடு நிறுத்தியவன். டைல்ஸ் போடுவதில் கெட்டிக்காரன். முடியாது என்று சொல்லி, குவைத்துக்கு அவன் படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன்.

அந்தப் பையனுக்கு ஏன் கூடாது என்பதுதான் என் கேள்வி. உழைப்புக்கு ஆள் தேவைப்படும் நாடுகளோடு டில்லி ஒப்பந்தம் பேசும்போது, டைல்ஸ் போடுகிறவனுக்கும் கம்பி கட்டுகிறவனுக்கும் அவரவர் பெயரில், முதலாளி பெயரில்லாமல், ஓராண்டு அனுமதியாவது கேட்க வேண்டும். பிடித்த இடத்தில் வேலை பார்க்கட்டும், சம்பளம் தராதவனை விட்டு விலகட்டும். அப்படி விட்டால் ஆள் நிற்க மாட்டான், முதலாளிகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று என்னிடம் சொல்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் இலங்கைக் கணக்கைத்தான் காட்டுவேன். துண்டு ஒழிந்த பிறகு தேயிலைத் தோட்டங்கள் காலியாகவில்லை. 1920களின் நடுவில், அதற்குச் சற்று முந்தைய ஆண்டுகளைவிட அதிகம் பேர் மண்டபம் வழியாகக் கடல் கடந்தார்கள்.